பாதியில் மூடிய பள்ளிக்கூடம்: ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடர் ஒரே பருவத்தில் முடிந்த கதை

1999 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் ஒரு பள்ளிக்கூடத் தொடர் தொடங்கியது. எடுத்தது 18 எபிசோட். சேனல் அடுத்த மார்ச் வரை 12 எபிசோடை ஒளிபரப்பிவிட்டு நிறுத்திக்கொண்டது. நல்ல தொடர்கள் பல இப்படிப் பாதியில் போயிருக்கின்றன, அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொடரில் யார் எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது பெருமளவு வெளியே தெரிந்திருக்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கும் சேனல்களில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் முழுதாக எழுதிவைக்கிறேன்.

திரைக்குப் பின்னால் இருந்தவர்களை அவரவர் வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்: படைப்பாளி, நிர்வாகத் தயாரிப்பாளர், சேனல் தலைவர். கதை மாந்தர்களுக்கு மட்டும் பெயர் சொல்கிறேன்.

பின்னணி

படைப்பாளி மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஊரில் வளர்ந்தவர். பள்ளியில் அடி வாங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவர். நடிகராக இருந்தபடியே, யாரும் கேட்காமல், தன் பள்ளி நாட்களை வைத்து ஒரு முதல் எபிசோடை எழுதினார். முன்பு நகைச்சுவை மேடைகளில் பழகிய நண்பர் ஒருவர் அப்போது டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்துக்காகத் தொடர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கொடுத்தார். அந்த நண்பர்தான் நிர்வாகத் தயாரிப்பாளர் ஆனார்.

இந்தத் தயாரிப்பாளரைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். 1992-ல் ஃபாக்ஸ் சேனலுக்காக அவர் கூட்டாக உருவாக்கிய ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி ஒரே பருவத்தில் நிறுத்தப்பட்டது. நிறுத்தின பிறகு அதற்கு எழுத்துக்கான எம்மி விருது, அதாவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது, கிடைத்தது. ஒரு நிகழ்ச்சி கையைவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்பதை அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார்.

கதை நடப்பது 1980–81 கல்வியாண்டில், சிப்பெவா என்ற கற்பனை ஊரின் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியில். அக்கா லிண்ட்ஸே கணக்கில் கெட்டிக்காரி, கணிதப் போட்டி அணியில் இருந்தவள். பாட்டி சாகும்போது அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். வெளிச்சம் ஏதாவது தெரிகிறதா என்று பாட்டியைக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் பாட்டி. அன்றிலிருந்து லிண்ட்ஸேக்கு மதிப்பெண்ணிலும் பரிசிலும் பிடிப்பு விட்டுப்போகிறது. அப்பாவின் பழைய ராணுவ ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வகுப்பைக் கட் அடித்துப் புகை பிடிக்கும் கூட்டத்தோடு போய்ச் சேர்கிறாள். நம் பள்ளிகளின் கடைசி பெஞ்ச் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள்தான் ‘ஃப்ரீக்ஸ்’. தம்பி சாமும் அவன் நண்பர்கள் நீலும் பில்லும் ‘கீக்ஸ்’. குள்ளம், மூக்குக்கண்ணாடி, சினிமா வசனம் பேசிப் பேசியே பொழுதைக் கழிப்பது, விளையாட்டு வகுப்பில் கடைசி ஆளாகத் தேர்வாவது. இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். பள்ளியின் மையத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

இதை முதல் எபிசோடின் முதல் காட்சியே சொல்லிவிடுகிறது. கால்பந்து மைதானம். பார்வையாளர் படிக்கட்டில் ஓர் அழகான விளையாட்டு வீரனும் சியர்லீடர் பெண்ணும் உட்கார்ந்து காதல் பேசுகிறார்கள். அந்த நாளில் வந்த பள்ளித் தொடர்கள் பலவற்றில் கதை அந்தப் படிக்கட்டில்தான் நடக்கும். இங்கே கேமரா அவர்களை விட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் இறங்குகிறது. அங்கே நிற்கிறது ஃப்ரீக்ஸ் கூட்டம். சற்றுத் தள்ளி, முரடர்களிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் சாமும் நண்பர்களும்.

படப்பிடிப்புக்கு முன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு வடிவம் பற்றியது. பின்னணியில் சிரிப்பொலி சேர்த்த அரைமணி நேர சிட்காமாக எடுக்க வேண்டாம், ஒரே கேமராவில் சினிமா போல ஒரு மணி நேரத் தொடராக எடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். காரணம் நியாயமானது. சாமின் அவமானத்தைப் பார்த்துச் சிரிப்பதா, நெளிவதா என்பதைப் பார்க்கிறவரே முடிவு செய்ய வேண்டும். பதிவுசெய்த சிரிப்பு அந்த முடிவைப் பிடுங்கிக்கொள்ளும். இதற்கு ஒரு விலை இருந்தது. நகைச்சுவை என்று உட்கார்ந்தவர்களுக்கு நெஞ்சு கனத்தது. குடும்பக் கதை என்று உட்கார்ந்தவர்களுக்கு அது கேலியாகத் தெரிந்தது. விருதுக்கு நகைச்சுவைப் பிரிவில்தான் போட்டியிட்டது. ஆனாலும் விளம்பரத்தில் எந்தப் பெயரில் விற்பது என்ற தடுமாற்றம் கடைசிவரை தீரவில்லை.

இரண்டாவது முடிவு நடிகர் தேர்வு. மாடல்களைப் போல இருக்கும் இருபத்தைந்து வயதுக்காரர்களைப் பள்ளிப் பிள்ளைகளாக உட்காரவைக்கும் வழக்கத்தைக் கைவிட்டார்கள். சாமாக நடித்தவன் உண்மையிலேயே பதின்ம வயதுப் பையன். கனடாவின் வான்கூவரில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நடத்திய தேர்வில் கிடைத்த ஒருவர்தான் ஃப்ரீக்ஸ் கூட்டத்தின் கென் ஆனார். எழுதிவைத்த பாத்திரத்துக்கு ஆள் தேடுவதோடு நிற்காமல், கிடைத்த ஆளுக்கேற்பப் பாத்திரத்தைத் திருத்தி எழுதினார்கள். தொடருக்குக் கிடைத்த ஒரே எம்மி விருது, 2000-ம் ஆண்டு நகைச்சுவைத் தொடருக்கான நடிகர் தேர்வுக்குக் கிடைத்தது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

மூன்றாவது முடிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. எழுத்தாளர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. பள்ளியில் உனக்கு நடந்த மிக நல்ல விஷயம் எது, மிக மோசமானது எது, வெளியே சொல்ல முடியாத அவமானம் எது, முதல் காதல் எப்படிப் போனது. பதில்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினார்கள். எபிசோடுகள் அந்தப் பதில்களிலிருந்து வந்தன.

உதாரணத்துக்கு, சாம் வாங்கும் வெளிர்நீல உடை. கழுத்து முதல் கால்வரை ஒரே துணியாகத் தைத்தது. கடைக்காரர் இதுதான் இப்போது பாரிஸ் ஃபேஷன் என்கிறார். கண்ணாடி முன்னால் நிற்கும் சாமுக்கு அது உண்மையாகவே தெரிகிறது. சிண்டி என்ற பெண் பார்ப்பாள் என்ற நினைப்போடு மறுநாள் பள்ளிக்குள் நுழைகிறான். வராந்தாவில் சில அடி நடப்பதற்குள், திரும்பும் ஒவ்வொரு முகத்திலும் தான் எப்படித் தெரிகிறோம் என்பது அவனுக்கு விளங்கிவிடுகிறது. கழற்றிப் போட வேறு உடை இல்லை. நாள் முழுக்க அதே உடையில் இருக்க வேண்டும். இது படைப்பாளிக்குத் தன் பள்ளி நாட்களில் நடந்தது. கேமரா சாமின் முகத்தை விட்டு நகராமல் இருப்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து அந்தப் பையனைப் பார்த்து எழுதியவர், சிரிக்கிற முகங்களின் பக்கம்தான் போயிருப்பார்.

ஒளிபரப்பில் நடந்தது

பச்சைக்கொடி காட்டிய நிர்வாகம் ஒன்று, ஒளிபரப்பின்போது பொறுப்பில் இருந்தது வேறொன்று. 1999-ல் என்.பி.சி.யின் பொழுதுபோக்குப் பிரிவுக்குப் புதிய தலைவர் வந்தார். தொடரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, கைக்கு வந்த பொருளாகப் பெற்றுக்கொண்டார். நம் சேனல்களிலும் இது நடப்பதுதான். முந்தையவர் ஒப்புக்கொண்ட தொடருக்காக வாதாட, அடுத்து வருகிறவருக்குத் தனிப்பட்ட காரணம் எதுவும் இருப்பதில்லை.

முதல் ஸ்லாட் சனிக்கிழமை இரவு 8 மணி. பதின்ம வயதினர் வீட்டில் இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவான நேரம் அது. முதல் எபிசோட் செப்டம்பர் 25 அன்று வந்தது. விமர்சகர்கள் மனம் திறந்து பாராட்டினார்கள். அடுத்தது அக்டோபர் 2. அதற்கடுத்தது அக்டோபர் 30. இடையில் நான்கு வாரம் ஒன்றுமில்லை. பேஸ்பால் இறுதிக்கட்டப் பருவம் அது, அந்த ஆண்டின் ‘வேர்ல்ட் சீரிஸ்’ என்ற பேஸ்பால் இறுதிப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை என்.பி.சி.யிடம்தான் இருந்தது. நவம்பரில் இரண்டு எபிசோட். நவம்பர் 13-க்குப் பிறகு ஜனவரி 10 வரை, எட்டு வாரத்துக்கு மேல், மறுபடி இடைவெளி. திரும்பி வந்தபோது கிழமையும் மாறியிருந்தது: திங்கள் இரவு 8 மணி. ஐந்து வாரம் தொடர்ச்சியாக வந்தது. பிப்ரவரி 7-க்குப் பிறகு மார்ச் 13 வரை மூன்றாவது இடைவெளி. மார்ச் 20-ல் இன்னொரு எபிசோட்: வம்புக்கார மாணவன் ஒருவன் பில்லின் சாப்பாட்டில் வேர்க்கடலையைக் கலந்துவிட, அலர்ஜி உள்ள பில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அதோடு சரி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 26 வாரத்தில் 12 எபிசோட், மூன்று நீண்ட இடைவெளி, ஒரு கிழமை மாற்றம். ஒரு தொடரை விரும்பிப் பார்க்க நினைத்தவருக்குக்கூட அது எப்போது வரும் என்று தெரியாது. ஆன்லைனில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி இல்லாத காலம். தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

அதே பருவத்தில் ஏ.பி.சி.யின் மில்லியனர் வினா-விடை நிகழ்ச்சி அமெரிக்காவையே வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தது. 1999 ஆகஸ்டில் சில இரவுகள் மட்டும் என்று தொடங்கி, 2000 ஜனவரியில் வாரத்துக்குப் பல நாள் வரும் நிரந்தர நிகழ்ச்சி ஆனது. 2000-ல் இந்தியாவில் வந்த ‘கோன் பனேகா க்ரோர்பதி’யும் அதே பிரிட்டிஷ் மூல நிகழ்ச்சியின் மறுவடிவமே. நடிகர்களோ கதையோ தேவையில்லாத அந்த வடிவத்தில் செலவு குறைவு, பார்வையாளர் கூட்டமோ பல மடங்கு. ஒரு மணி நேரக் கதைத் தொடர்கள் எல்லாமே அந்த வருடம் அந்தத் தராசில் வைத்துப் பார்க்கப்பட்டன.

‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ சராசரியாகச் சுமார் 67 லட்சம் பேரை ஈர்த்தது. இன்றைக்கு ஒரு அமெரிக்க சேனல் அந்த எண்ணிக்கைக்குத் தவம் கிடக்கும். அன்றைக்கு அது என்.பி.சி.யின் அடிமட்டம்.

நான்காம் எபிசோட்

ஃப்ரீக்ஸ் கூட்டத்தில் கிம் என்ற பெண் இருக்கிறாள். முதல் மூன்று எபிசோடிலும் லிண்ட்ஸேயைக் கண்டாலே எரிந்து விழுவாள். நான்காவதில் லிண்ட்ஸேயைத் தன் வீட்டுக்கு அழைக்கிறாள், தனக்கும் நல்ல சிநேகிதி உண்டு என்று பெற்றோருக்குக் காட்டுவதற்காக. சாப்பாட்டு மேசையில் கூச்சல் தொடங்குகிறது. கிம் ஏன் அப்படி இருக்கிறாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

கடுமையாக இருக்கிறது என்று சேனல் அந்த எபிசோடை ஒளிபரப்பாமல் வைத்துக்கொண்டது. இரவு 8 மணிக்குப் பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்ற கவலையில் அர்த்தம் உண்டு, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். மூன்றாவது எபிசோடில் எதிரியாக இருந்த இருவர் ஐந்தாவதில் சேர்ந்து நிற்கிறார்கள். இடையில் என்ன நடந்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் தனித்தனிக் கதையாக முடியும் தொடரில் ஒன்றை உருவினால் ஓட்டை தெரியாது. இது ஒரு கல்வியாண்டை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் தொடர்.

“கொஞ்சம் ஜெயிக்கட்டுமே”

இந்த நிகழ்வின் நடுநரம்பு இதுதான் என்று நினைக்கிறேன். சேனல் தரப்பிலிருந்து திரும்பத் திரும்ப ஒரு கோரிக்கை வந்தது: இந்தப் பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் தோற்கிறார்கள், அவர்களுக்குச் சில வெற்றிகள் கொடுங்கள். புதிய தலைவர் தனியார் விடுதிப் பள்ளியில் படித்தவர், அரசுப் பள்ளி வாழ்க்கை அவருக்குப் பிடிபடவில்லை என்று தொடரை எடுத்தவர்கள் பிற்பாடு சொன்னதுண்டு. இருக்கலாம். ஆனால் அதை ஒரு மனிதரின் பள்ளிப் படிப்பில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. விளம்பரம் விற்றுப் பிழைக்கும் எந்தச் சேனலின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே கோரிக்கை வந்திருக்கும். பார்க்கிறவர் சந்தோஷமாக எழுந்து போக வேண்டும், அப்போதுதான் அடுத்த வாரம் வருவார் என்ற கணக்கு.

எழுத்தாளர்கள் மறுக்கவில்லை. ஒரு வெற்றியை எழுதிக் கொடுத்தார்கள். ஜனவரி 31 அன்று வந்த பத்தாவது எபிசோட். விளையாட்டு வகுப்பில் அணி பிரிக்கும்போது பில்லை எப்போதும் கடைசியாகத்தான் எடுப்பார்கள், பேஸ்பால் ஆட்டத்திலும் பந்தே வராத மூலையில் நிற்க வைப்பார்கள். நான் எப்படி ஆடுவேன் என்று பார்க்க ஒரு வாய்ப்பாவது கொடுத்தீர்களா என்பது அவன் கேள்வி. அதை வாத்தியாருக்குத் திட்டும் பொய்யுமாகப் போன் போட்டுக் கேட்கிறான். கடைசியில் நல்ல இடத்தில் நிற்க வாய்ப்பு கிடைக்கிறது. பந்து உயரே எழும்பி அவனை நோக்கி வருகிறது. நெட்டையும் ஒல்லியுமான உடம்பு, கனத்த கண்ணாடி, எங்கே கையை வைப்பது என்று தெரியாத நிற்கும் விதம். பிடித்துவிட்டான். பிடித்ததை நம்ப முடியாமல் குதிக்கிறான். நண்பர்கள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. அவர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே எதிரணிப் பையன்கள் அமைதியாக ஓடி ஓட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பில்லுக்கு அது கண்ணில் படவே இல்லை.

இதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை என்கிற பொருளில் தயாரிப்பாளர் பின்னர் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சேனலுக்கு இது தாங்கள் கேட்ட வெற்றியாகத் தெரிந்திருக்காது. எனக்கு, தொடர் முழுவதிலும் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. பிறந்ததிலிருந்து யாருமே அவனிடம் பந்தைப் போட்டதில்லை. அன்று வந்தது, பிடித்தான். ஓட்டக் கணக்கு மற்றவர்களுடையது.

இரண்டு தரப்பும் ‘வெற்றி’ என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஒரு தரப்புக்கு அது நிலைமை மாறுவது: கீக் ஒருவன் ஆட்டத்தை வெல்வான், அழகி அவனைத் திரும்பிப் பார்ப்பாள். இன்னொரு தரப்புக்கு அது தாக்குப்பிடிப்பது. இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. குறிப்புகள் வந்தன, பதிலாக எபிசோடுகள் போயின.

கடைசி எபிசோடை முன்கூட்டியே எடுத்தது

ரேட்டிங் இறங்கிய வேகத்தைப் பார்த்த நிர்வாகத் தயாரிப்பாளர், பருவத்தின் இறுதி எபிசோடை இப்போதே எடுத்துவிடலாம் என்று படைப்பாளியிடம் சொன்னார். அதற்கு முன்னால் வர வேண்டிய சில எபிசோடுகள் அப்போது இன்னும் எடுக்கப்படவில்லை. 1992-ல் பட்ட அடி இங்கே பேசியிருக்கும் என்பது என் ஊகம். திடீரென்று படப்பிடிப்பை நிறுத்தச் சொன்னால், தொடர் ஏதோ ஒரு வாரத்தின் ஏதோ ஒரு காட்சியில் அறுந்து போகும். முடிவு கையில் இருந்தால் நடுவில் எது விட்டுப்போனாலும் கதைக்கு வாசற்கதவு இருக்கும்.

படைப்பாளியே எழுதி இயக்கினார். அவர் அதுவரை அந்தத் தொடரில் ஓர் எபிசோடையும் இயக்கியதில்லை. எழுதிய விதத்தில் ஒரு துணிவு இருக்கிறது. எல்லா முடிச்சையும் அவிழ்த்துச் சுபம் போடவில்லை. ஃப்ரீக்ஸ் கூட்டத்தின் டேனியல், தண்டனையாக கீக்ஸ் பக்கம் தள்ளப்பட்டு, அவர்களோடு உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டை ஆடுகிறான். அவனுக்கு வாய்க்கும் பாத்திரம் கார்லோஸ் என்ற குள்ளன். ஆட்டம் முடிந்ததும், நாளைக்கும் ஆடலாமா என்று அவனே கேட்கிறான். கீக்ஸுக்குக் குழப்பம்: அவன் நம்மோடு ஆட விரும்பினால் அவன் கீக் ஆகிவிட்டானா, நாம் கெத்து ஆகிவிட்டோமா? லிண்ட்ஸேக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கெட்டிக்கார மாணவர்களுக்கான கோடைக்கால முகாமில் இடம் கிடைக்கிறது. பெற்றோர் பெருமையாகப் பேருந்தில் ஏற்றி விடுகிறார்கள்.

நிறுத்தமும் அதற்குப் பிறகும்

2000 மார்ச்சில் சேனல் தொடரை நிறுத்தியது. ஆறு எபிசோட் ஒளிபரப்பாமல் கிடந்தன.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் சேர்ந்து, பில்லின் குடும்பப் பெயரான ஹேவர்சக் என்பதையே இயக்கத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டு, காசு சேர்த்து, வெரைட்டி என்ற தொழில் இதழில் விளம்பரம் கொடுத்தார்கள். ஜூலை 8 அன்று என்.பி.சி. ஒரே இரவில் மூன்று எபிசோடுகளைத் தொடர்ச்சியாக ஒளிபரப்பியது: 16, 17, 18. மீதி மூன்றும் அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் ஃபாக்ஸ் ஃபேமிலி என்ற கேபிள் சேனலுக்குப் போயின. ஆக, கதையின் முடிவு ஜூலையில் வந்தது. கிம் வீட்டுச் சாப்பாட்டு மேசை செப்டம்பரில் வந்தது. பதினான்கும் பதினைந்தும் அக்டோபரில் வந்தன.

அந்தப் பதினான்காவதைப் பற்றி ஒரு வார்த்தை. பில் பள்ளி விட்டு வீட்டுக்கு வருகிறான். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், வீடு காலி. ரொட்டியில் சீஸ் வைத்துச் சுடுகிறான், ஒரு துண்டு கேக் எடுத்துக்கொள்கிறான், பாலை ஊற்றிக்கொள்கிறான், டி.வி. முன்னால் உட்காருகிறான். திரையில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் பேசுகிறார். பில் வாய் நிறையச் சாப்பாட்டோடு விழுந்து விழுந்து சிரிக்கிறான். பின்னணியில் தி ஹூ இசைக்குழுவின் பாட்டு. வசனம் எதுவும் கிடையாது. பள்ளியில் நாள் முழுக்கக் கூனி நின்ற பையன் நிமிர்ந்து உட்காருவது அந்தச் சில நிமிடம்தான். தயாரிப்பாளர் தன் சொந்தச் சிறுவயது மாலைகளிலிருந்து எடுத்த காட்சி இது. தொடரை உருவாக்கக் காசு கொடுத்த சேனலில் இது வரவே இல்லை.

நிறுத்திய பிறகு எம்.டி.வி. குறைந்த செலவில் தொடர முன்வந்தது. எடுத்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டும் ஆட்களும் குறைந்த மெலிந்த வடிவமாக ஓட்டுவதைவிட இருப்பது இருக்கட்டும் என்று விட்டார்கள். அன்றைக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது சரியான முடிவு.

பாட்டு உரிமை

தொடரில் அந்தக் காலத்து ராக் பாடல்கள் நிறைய வருகின்றன, அலங்காரத்துக்கு அல்ல. முதல் எபிசோடின் நடன விழாவில் சிண்டியோடு ஒரு பாட்டுக்கு ஆடக் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறான் சாம். ஸ்டிக்ஸ் குழுவின் பாட்டு மெதுவாகத் தொடங்குகிறது. அணைத்தபடி ஆடும் தாளம் என்று நம்பி அவளை அழைத்துக்கொண்டு களத்துக்குப் போகிறான். போய்ச் சேரும்போது பாட்டு திடுமென வேகமெடுக்கிறது. ஒரு கணம் அப்படியே உறைந்து நிற்கிறான். பிறகு ஆடுகிறான். அந்தப் பாட்டு இல்லாமல் அந்தக் காட்சியே இல்லை.

ஒளிபரப்புக்கு வாங்கிய உரிமை வீட்டு வீடியோவுக்குச் செல்லாது. டி.வி.டி. போட ஒவ்வொரு பாட்டுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டும். பாட்டை மாற்றி விலையில்லாத இசையைப் போட்டு வெளியிடுவது அன்றைய வழக்கம். இந்தத் தொடருக்கு அப்படிச் செய்யவில்லை. ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஷவுட் ஃபேக்டரி என்ற சிறிய நிறுவனம் உரிமைத் தொகையைக் கட்ட முன்வந்தது. 2004 ஏப்ரலில் 18 எபிசோடும் பாடல்களோடு, வரிசைப்படி வெளிவந்தன. நான்கு வருடக் காத்திருப்பு. 2007-ல் டைம் இதழின் நூறு சிறந்த தொடர்கள் பட்டியலில் இது இடம்பெற்றது. நடித்த பிள்ளைகளில் பலர் அதற்குள் ஹாலிவுட்டின் அறியப்பட்ட முகங்கள் ஆகியிருந்தார்கள். அந்தப் பகுதி எல்லோரும் எழுதியதுதான், நான் கடந்து போகிறேன்.

எதை மாற்றியிருக்கலாம்

சேனல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஸ்லாட் நல்லதா கெட்டதா என்பதைவிட ஒரே இடத்தில் இருந்ததா என்பதே முக்கியமாகப் படுகிறது. பேஸ்பால் வரப்போவது முன்கூட்டியே தெரிந்த விஷயம். முதலில் இரண்டு எபிசோட் காட்டி நான்கு வாரம் மறைத்துவைப்பதற்குப் பதிலாக, பேஸ்பால் முடிந்த பிறகோ ஜனவரியிலோ தொடங்கி விடாமல் ஓட்டியிருக்கலாம். 12 எபிசோட் இடைவெளியின்றி ஓடி, அதற்குப் பிறகும் கூட்டம் வரவில்லையென்றால், நிறுத்தியதில் குறை சொல்ல எனக்கு இடமிருக்காது. நடந்த விதத்தில் அந்தச் சோதனையே நடக்கவில்லை.

எடுத்தவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. ‘வெற்றி’ பற்றிய கோரிக்கைக்கு எபிசோடால் பதில் சொன்னார்களே, அதற்கு முன்னால் ஓர் அறையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பில் பந்தைப் பிடிக்கும் காட்சியைப் போட்டுக் காட்டி, இதுதான் எங்கள் அளவுகோல், இதை வைத்து எப்படி விளம்பரம் செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். பலன் கிடைத்திருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தொடரைத் தேர்ந்தெடுக்காத ஒரு நிர்வாகத்துக்கு அதைப் புரியவைக்கும் பொறுப்பு, அதை அறிந்தவர்களிடம்தான் இருந்தது. நான்காம் எபிசோடிலும் அப்படித்தான். கிம்மின் கதை மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் பாலம் என்று தெரிந்தவர்கள், அது போகாது என்று ஆனதும் ஐந்தாவதில் இரண்டு வரி வசனமாவது சேர்க்க வழி தேடியிருக்கலாம்.

பாட்டு உரிமையை முதலிலேயே எல்லா வடிவத்துக்கும் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 1999-ல் ஒரு பருவத் தொடர் டி.வி.டி.யாக விற்கும் என்று கணக்குப் போட்டவர்கள் சொற்பம். அதைக் குறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு எடுப்பவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

மாற்றவே கூடாதது, இறுதி எபிசோடை முன்னால் எடுத்த முடிவு. அதில் லிண்ட்ஸே முகாமுக்குப் போகும் பேருந்திலிருந்து வழியிலேயே இறங்கிவிடுகிறாள். அங்கே கிம் காத்திருக்கிறாள், கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் பின்னால் ஊர் ஊராகச் சுற்றும் இளைஞர்களின் வேன் நிற்கிறது. லிண்ட்ஸே ஏறிக்கொள்கிறாள், வேன் கிளம்புகிறது. அந்தக் காட்சியைப் பிடித்து முடித்துவிட்டு, எல்லோரும் மறுபடி பள்ளிக்கூட செட்டுக்குத் திரும்பி, விட்டுவைத்திருந்த எபிசோடுகளை எடுக்கத் தொடங்கினார்கள்.